பட்டா இல்லாத தாளம்: எர்ல் பாமர் நினைவுகள்

ஒலிப்பதிவுக்காகக் கலைஞர்கள் கூடும் ஒவ்வோர் அமர்வையும் அமெரிக்க இசைத்துறையினர் 'செஷன்' என்று அழைத்தனர். அந்த அமர்வுக்கு மட்டும் ஊதியம் பேசி வந்து, வாசித்து, தாளில் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடுகிறவருக்குச் செஷன் கலைஞர் என்று பெயர். பாட்டை எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு, பாடியவருக்கு ஒப்பந்தப்படி விற்பனையில் பங்கு உண்டு, வெளியிட்ட நிறுவனத்துக்கு இசைத்தட்டின் நடுவட்டத்தில் பெயரும் சின்னமும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டவர் கால் தானாகத் தரையைத் தட்டும்படி செய்த டிரம் கலைஞருக்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இவற்றுள் ஒன்றும் இருந்ததில்லை. மெட்டுக்கும் சொல்லுக்கும் சட்டம் காவல் நின்றது. தாளத்துக்கு மட்டும் எவரும் பட்டா எழுதித் தரவில்லை. ஆகவே ஒருவர் உண்டாக்கிய தாள நடையை மறுநாளே ஊரார் அனைவரும் எடுத்தாள முடிந்தது, எடுத்தாண்டும் வந்தனர்.

இந்த நிலையை முழுமையாக வாழ்ந்து காட்டியவர் எர்ல் பாமர் (1924–2008). நியூ ஆர்லின்ஸ் நகரின் சிறிய ஒலிப்பதிவு அறை ஒன்றிலும் பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸின் பெரிய கூடங்களிலும் அவர் வாசித்த பாட்டுகள் உலகெங்கும் கேட்கப்பட்டன. அவற்றைக் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் பெயரை அறிந்ததில்லை. முதுமையில் அவர் தம் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல டோனி ஷெர்மன் என்னும் எழுத்தாளர் தொகுத்து, 1999இல் 'பேக்பீட்' என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். அந்த நினைவுகளையும், அவர் வாசித்த ஒலிப்பதிவுகளே தரும் சான்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது: புதிய தாளம் ஒன்றை உண்டாக்கிப் புகழ் பெறவேண்டும் என்று பாமர் ஒருநாளும் உட்கார்ந்து திட்டமிடவில்லை, பக்கத்தில் இருந்தவர் என்ன வாசிக்கிறார் என்பதைக் கூர்ந்து கேட்டு அதற்கு ஈடுகொடுத்தார், அந்த ஈடுகொடுத்தலே ஒரு யுகத்தின் தாளமாக நிலைத்துவிட்டது.

பாமர் 1924 அக்டோபர் 25 அன்று நியூ ஆர்லின்ஸின் டிரெமே பகுதியில் பிறந்தார். அவருடைய தாயும் சிற்றன்னையும் வோடவில் மேடைகளில் தொழில் செய்தவர்கள்; பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வித்தை ஆகியவற்றைத் துண்டு துண்டாகக் கோத்து ஊர் ஊராக நடத்தப்படும் பல்சுவை நிகழ்ச்சிக்கு வோடவில் என்று பெயர். ஐந்து வயதிலேயே பாமரும் அந்த மேடையில் ஏறிவிட்டார். ஆனால் டிரம் கலைஞராக அல்ல, டாப் நடனக்காரராக. டாப் என்பது காலணியின் முனையிலும் குதிகாலிலும் உலோகத் தகடு பதித்து, மரத்தளத்தில் தட்டி ஒலி எழுப்பும் ஆட்டம்; அதில் ஆடுபவரே தாளக்காரர், அவருடைய பாதங்களே கருவி. கறுப்பினப் பாடகி ஐடா காக்ஸ் நடத்திய குழுவோடு சிறுவன் பாமர் பல ஊர்களைச் சுற்றினார். பாட்டின் எந்த இடத்தில் அடி நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் இரட்டிக்கவேண்டும், எத்தனை சுற்றுக்குப் பின் முடிப்பு வரும் என்பதெல்லாம் கையில் குச்சி ஏறுவதற்கு முன்பே அவருடைய காலில் ஏறியிருந்தன. பிற்காலத்தில் அவரைக் கூடத்துக்கு அழைத்தவர்கள் வியந்த அந்த அமைதியான காலக்கணக்கு இந்த மேடைகளில் பழகியதே.

டிரெமே தந்த இன்னொரு பள்ளி தெரு. நியூ ஆர்லின்ஸின் கறுப்பின மக்களிடையே இறந்தவரை அடக்கம் செய்ய எடுத்துச் செல்லும்போது பித்தளைக் கருவிக் குழு ஒன்று முன்னே போகும். கல்லறை வரை மெதுவான துதிப்பாட்டை வாசித்துச் செல்லும் அந்தக் குழு, அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் துள்ளலான பாட்டுக்கு மாறும். குழுவையும் உறவினரையும் முதல் வரிசை என்று கொண்டால், இசைக்காகவே பின்னால் ஆடிக்கொண்டு சேர்ந்துவரும் கூட்டம் இரண்டாம் வரிசை. அந்த ஆட்டத்துக்கும் அதற்குரிய தாளத்துக்கும் 'செகண்ட் லைன்' என்றே பெயர் நிலைத்தது. ஊர்வலத்தில் பெரிய டிரம்மைச் சுமந்து அடிப்பவர் ஒருவர், சிறிய ஸ்நேர் டிரம்மைக் கழுத்தில் மாட்டி அடிப்பவர் மற்றொருவர். ஸ்நேர் என்பது அடித்தோலின் குறுக்கே கம்பிச் சுருள்களை இழுத்துக் கட்டிய டிரம். மேல்தோலில் குச்சி பட்டவுடன் கம்பிகள் அதிர்வதால் கூர்மையாகத் தெறிக்கும் ஓசை அதிலிருந்து எழுகிறது. உட்கார்ந்து வாசிக்கும் டிரம் செட்டில் இந்த இருவர் வேலையும் ஒருவருக்கே வந்துசேர்கிறது: பெரிய டிரம்மை வலக்கால் மிதி அடிக்கிறது, ஸ்நேரை இடக்கை அடிக்கிறது, சிம்பல் என்னும் வெண்கலத் தட்டில் வலக்கை நடையை ஓட்டுகிறது, இடக்கால் ஹை-ஹாட் என்னும் இரட்டைத் தட்டைத் திறந்து மூடுகிறது. தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டதை ஒரே உடம்புக்குள் கொண்டுவந்தவர்களே நியூ ஆர்லின்ஸ் டிரம் கலைஞர்கள். பாமர் அந்த வரிசையில் வந்தவர்.

இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்கப் படையில் சேர்ந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்துப் படையில் கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் போர்முனைக்குப் பின்னிருந்து செய்யும் ஊழியமே ஒதுக்கப்பட்டது; பாமருக்கு வெடிபொருள்களை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. ஊர் திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும்படி 1944இல் இயற்றப்பட்ட சட்டத்தின் உதவியால், அவர் நியூ ஆர்லின்ஸின் குருனெவால்ட் இசைப்பள்ளியில் சேர்ந்து பியானோவும் தாளக்கருவிகளும் கற்றார். அங்கே அவருக்கு வாய்த்த பெரும் செல்வம், இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்கும் திறமை. காதால் பழகிய நூறு கலைஞர்கள் அந்நகரில் இருந்தனர். காதும் கண்ணும் ஒருங்கே பழகியவர்கள் சிலரே. பத்தாண்டுகளுக்குப் பின்னர், நியூ ஆர்லின்ஸை விட்டுப் போனபோது அவருக்குச் சோறு போட்டது இந்தப் படிப்பே.

1947 அளவில் அவர் டேவ் பார்தொலொமியூ நடத்திய இசைக்குழுவில் டிரம் கலைஞரானார். டிரம்பெட் வாசிப்பவரும் இசையமைப்பாளருமான பார்தொலொமியூ, லாஸ் ஏஞ்சல்ஸின் இம்பீரியல் நிறுவனத்துக்காக நியூ ஆர்லின்ஸில் பாட்டுகளைத் தயாரித்துக் கொடுத்தார். அவருடைய குழுவே ஒலிப்பதிவிலும் வாசித்தது. ஒலிப்பதிவு நடந்த இடம் நார்த் ராம்பார்ட் தெருவும் டுமேன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த 'ஜே அண்ட் எம்' கடையின் பின்னறை. முன்பக்கத்தில் இசைத்தட்டும் மின்சாதனமும் விற்றுக்கொண்டிருந்த குடும்பத்தின் இளைஞர் கோசிமோ மடாசா, 1945இல் அந்தப் பின்னறையைக் கூடமாக மாற்றியிருந்தார். ஒரு சாதாரண வீட்டு அறையின் அளவே உள்ள அந்த இடத்தில் பியானோ, டிரம் செட், பாஸ், கிதார், இரண்டு மூன்று சாக்ஸபோன்கள், பாடகர் ஆகிய அனைத்தையும் அடக்கவேண்டியிருந்தது.

அந்த அறையின் நெருக்கம் ஒரு பயிற்சியும் ஆயிற்று. தொடக்க ஆண்டுகளில் அங்கே காந்த நாடா கிடையாது. வாசிக்க வாசிக்க ஊசி நேராகத் தட்டில் கீறும். தவறிய இடத்தை வெட்டி ஒட்ட வழியில்லை. ஒருவர் பிழை செய்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், கீறப்பட்ட தட்டு வீணாகும். பாடகர் குரலை ஏற்றி டிரம் ஒலியைத் தனியாகத் தணிக்கும் பல்தடப் பதிவும் அப்போது இல்லை. அறையில் எந்த அளவில் ஒலித்ததோ அதே அளவில்தான் தட்டிலும் இறங்கியது. ஆகவே டிரம் கலைஞர் தம் கையின் கனத்தைத் தாமே எடைபோட்டு, பாடகரின் சொல் மறையாமலும் ஆட்டத்தின் வேகம் குன்றாமலும் அடிக்கக் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் செய்யப்படும் ஒலிக்கலவை என்னும் வேலையில் ஒரு பாதியைப் பாமர் தம் மணிக்கட்டாலேயே செய்துவந்தார்.

1949 டிசம்பர் 10 அன்று, 21 வயது பியானோக் கலைஞர் ஃபேட்ஸ் டாமினோ 'தி ஃபேட் மேன்' என்னும் பாட்டை அந்த அறையில் பதிவு செய்தார். அந்தப் பாட்டில் பாமர் செய்தது கேட்பதற்கு மிக எளியது. மேற்கத்திய ஆட்டப்பாட்டு பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைகளின் சுற்றாக ஓடுவது. ஒன்றும் மூன்றும் வலுவான எண்ணிக்கைகள், இரண்டும் நான்கும் மெலிந்தவை என்பது பழைய வழக்கம். மெலிந்த அந்த இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஸ்நேரை ஓங்கி அடிப்பதற்குப் பேக்பீட் என்று பெயர். இது பாமரின் புதுக்கண்டுபிடிப்பு அன்று. நியூ ஆர்லின்ஸின் டிக்ஸிலாந்து ஜாஸில், கருவிகள் எல்லாம் ஒன்றாக முழங்கும் கடைசிச் சுற்றில் டிரம் கலைஞர் இப்படி அடிப்பது வழக்கமாக இருந்தது. 'தி ஃபேட் மேன்' பாட்டுக்கு அந்தக் கடைசிச் சுற்றின் வேகம் முதல் வரியிலிருந்தே தேவைப்பட்டது என்பதைப் பாமர் உணர்ந்து, பழைய பாட்டில் உச்சத்துக்கென்று சேமித்துவைக்கப்பட்ட அடியைத் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் அடித்தார். படையலின் முடிவில் வரும் இனிப்பையே முழு விருந்தாக்கிய அந்தச் செயல், பின்னர் வந்த ஆட்டப்பாட்டு அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த அறையிலிருந்து வெளிவந்த பாட்டுகளின் வரிசையைப் பார்த்தாலே பாமரின் உழைப்பு விளங்கும். லாயிட் பிரைஸ் பாடிய 'லாடி மிஸ் கிளாடி' 1952இல் வந்தது. அதில் பியானோ டாமினோ, டிரம் பாமர். ஸ்மைலி லூயிஸின் 'ஐ ஹியர் யூ நாக்கிங்' 1955இல் வந்தது. டாமினோவின் 'ஐம் வாக்கிங்' 1957இல் வந்தபோது, பாமர் அடக்க ஊர்வலத்தின் இரண்டாம் வரிசையை நேராகவே ஒலிப்பதிவுக்குள் அழைத்துவந்துவிட்டார்: அந்தப் பாட்டின் பெரிய டிரம்மும் ஸ்நேரும் தெருவில் நடந்துபோகும் இருவரைப் போலவே ஒன்றை ஒன்று விட்டும் தொட்டும் ஓடுகின்றன. நடையைப் பற்றிய பாட்டுக்கு ஊர்வலத்தின் நடையே தாளமாக அமைந்ததில் வியப்பில்லை; அதைக் கேட்டவர்களில் நியூ ஆர்லின்ஸுக்கு வெளியே இருந்தவர்கள் அதன் பிறப்பிடம் கல்லறைச் சாலை என்பதை அறிந்திருக்க வாய்ப்பும் இல்லை.

ஆயினும் பாமரின் பெயரை இசை வரலாற்றில் நிறுத்திய மாற்றம் பியானோ வாசித்துப் பாடும் லிட்டில் ரிச்சர்டோடு தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள ஷஃபிள் என்னும் நடையை அறிந்துகொள்ளவேண்டும். ஓர் எண்ணிக்கையைத் திஸ்ர நடையைப் போல மூன்று கூறாக்கி, நடுக்கூற்றை ஒலிக்காமல் விட்டுவிட்டால், நெடிலும் குறிலுமாக மாறிமாறி நொண்டும் ஓர் அசைவு பிறக்கிறது. ஜாஸும் ரிதம் அண்ட் புளூஸும் பெரும்பாலும் இந்த அசைவில்தான் நடந்தன. அதே எண்ணிக்கையைச் சமமான இரண்டு கூறாக்கி, நான்கு எண்ணிக்கைகளில் எட்டு ஒத்த அடிகளை ஓடவிட்டால், அசைவு நீங்கி நேரான ஓட்டம் வருகிறது. முன்னது ஊஞ்சல், பின்னது ரயில். 1950களின் நடுவில் நாட்டிலுள்ள டிரம் கலைஞர்களில் பெரும்பாலோர் ஊஞ்சலில் இருந்தார்கள்.

1955 செப்டம்பர் 14 அன்று ஸ்பெஷால்டி நிறுவனத்தின் சார்பில் பம்ப்ஸ் பிளாக்வெல் தயாரிப்பாளராக இருக்க, லிட்டில் ரிச்சர்ட் ஜே அண்ட் எம் கூடத்தில் பாடினார். லீ ஆலனும் ஆல்வின் டைலரும் சாக்ஸபோனில், ஃபிராங்க் ஃபீல்ட்ஸ் பாஸில், பாமர் டிரம்மில் இருந்தார்கள். பாட்டுகள் எதுவும் தீப்பிடிக்கவில்லை. இடைவேளையில் அனைவரும் டியூ டிராப் இன் என்னும் விடுதிக்குப் போனபோது, அங்கிருந்த பியானோவில் ரிச்சர்ட் இரவுவிடுதிகளில் மட்டும் பாடக்கூடிய கொச்சையான பாட்டு ஒன்றை முழங்கினார். தேடிவந்தது இதுதான் என்று கண்டுகொண்ட பிளாக்வெல், டோரதி லாபோஸ்ட்ரி என்னும் பாடலாசிரியரைக் கொண்டு அதன் சொற்களைச் சபைக்கு ஏற்றவையாக மாற்றச் செய்தார். அமர்வு முடிய ஏறக்குறைய 15 நிமிடமே இருந்த நிலையில் மூன்று முறை வாசித்துப் பதிவான அந்தப் பாட்டு 'டூட்டி ஃப்ரூட்டி'. அதைக் கூர்ந்து கேட்டால் ஒரே பாட்டில் இரண்டு காலங்கள் மோதுவது புலப்படும்: ரிச்சர்டின் வலக்கை பியானோவில் எட்டு சம அடிகளை இடைவிடாமல் கொட்டுகிறது, அவருக்குப் பின்னால் பாமர் இன்னும் ஷஃபிளில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

அந்த மோதலே பாமருக்கு வேலை கொடுத்தது. பத்து விரலாலும் பியானோவை அறைகிற ஒருவருக்கு எதிராக ஊஞ்சலாடுவது கடினம் என்றும், ரிச்சர்டின் வலக்கைக்கு ஈடாகத் தாமும் நேராக ஓடவேண்டியதாயிற்று என்றும், ராக் தாளம் என்று பிறர் பின்னர் பெயரிட்டது அப்படி வந்ததே என்றும் அவர் தம் நினைவுகளில் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறார். 1957இல் வெளியான 'லூசில்' பாட்டில் மாற்றம் நிறைவுற்றுவிட்டது: சிம்பலில் எட்டும் சமமாக ஓட, இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் இறங்க, நொண்டலின் சுவடுகூட இல்லை. 'தி ஃபேட் மேன்' தந்த பேக்பீட்டும் 'லூசில்' தந்த நேர் ஓட்டமும் சேர்ந்த சேர்க்கையே அடுத்த அரை நூற்றாண்டில் கிதாரும் டிரம்மும் வைத்திருந்த ஒவ்வொரு குழுவும் முதலில் கற்றுக்கொண்ட பாடம். அந்தப் பாடத்தின் ஆசிரியர் அமர்வுக்குரிய ஊதியத்தைப் பெற்றுக்கொண்டார். அதற்குமேல் ஒரு காசும் அந்தத் தாளத்துக்காக அவருக்கு வரவில்லை.

இதில் உள்முரண் ஒன்றும் உண்டு. பாமரின் மனம் ஜாஸில், குறிப்பாக வேகமும் சிக்கலும் மிக்க பீபாப் வகையில் இருந்தது. பகலில் ஜே அண்ட் எம் கூடத்தில் வாசித்தது வயிற்றுக்காக, இரவில் நண்பர்களோடு ஜாஸ் வாசித்தது மனத்துக்காக. தாம் உருவாக்கிய தாளத்தைப் பெரிய கலையாக அவர் கருதியதில்லை; அதைச் செம்மையாகச் செய்யவேண்டிய கூலிவேலையாகவே கருதினார். பெருமை பேசாத அந்தத் தொழில்நேர்மைதான் அந்த ஒலிப்பதிவுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லலாம். தம் ஜாஸ் திறமையைக் காட்டிக்கொள்ள விரும்பிய கலைஞராக இருந்தால் ரிச்சர்டின் பாட்டில் ஆயிரம் நகாசு வேலை செய்திருப்பார். பாமர் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டு, பாட்டு கேட்டதை மட்டும் கொடுத்தார்.

1957இல் அவர் நியூ ஆர்லின்ஸை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அலாடின் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில் கிடைத்த வேலை ஒரு காரணம், ஊரின் இனச்சட்டங்கள் இன்னொரு காரணம். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் மணப்பதை லூசியானா மாநிலச் சட்டம் அப்போது தடைசெய்திருந்தது; அத்தகைய சட்டங்கள் செல்லா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல்தான் தீர்ப்பளித்தது. வெள்ளையினப் பெண் ஒருவரோடு வாழ விரும்பிய பாமருக்கு, அத்தகைய தடை 1948லேயே நீங்கியிருந்த கலிஃபோர்னியா புகலிடமாயிற்று. தொழில்முறையிலும் காலம் கனிந்திருந்தது: லாஸ் ஏஞ்சல்ஸில் இனவாரியாகப் பிரிந்திருந்த இரண்டு இசைக்கலைஞர் சங்கங்கள் 1953இல் லோக்கல் 47 என்ற ஒரே கிளையாக இணைந்துவிட்டதால், திரைப்படக் கூடங்களின் கதவு கறுப்பினக் கலைஞர்களுக்கு மெல்லத் திறக்கத் தொடங்கியிருந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸின் முறை வேறு. ஓர் அமர்வு மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டுகள் முடியவேண்டும். நேரம் மிஞ்சினால் சங்க விதிப்படி கூடுதல் ஊதியம் கொடுக்கவேண்டும் என்பதால் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். காலையில் விளம்பரப் பாட்டு, பகலில் இளைஞர் குழு ஒன்றின் ராக் பாட்டு, மாலையில் ஐம்பது பேர் கொண்ட திரைப்பட வாத்தியக்குழு என்று ஒரே நாளில் கலைஞர் மூன்று உலகங்களில் புகுந்து வரவேண்டும். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் கலைஞர்களின் பெயரும் கருவியும் ஊதியமும் எழுதப்பட்ட ஒப்பந்தத்தாள் சங்கத்துக்குப் போகும். இசைத்தட்டின் உறையில் இல்லாத பெயர்கள் அந்தத் தாள்களில்தான் இருந்தன. எந்தப் பாட்டில் வாசித்தவர் எவர் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் பெரும்பாலும் அவற்றைக் கொண்டே மீட்டெடுத்தனர்.

இந்த முறையில் பாமர் மிக விரைவாக முன்வரிசைக்கு வந்தார். கோல்டு ஸ்டார் கூடத்தில் 1958இல் எடி காக்ரனின் 'சம்மர்டைம் புளூஸ்', ரிட்சி வேலன்ஸின் 'லா பாம்பா' ஆகியவற்றில் வாசித்தவர் அவரே. ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த 'யூ'வ் லாஸ்ட் தட் லவ்விங் ஃபீலிங்' 1964இல் வந்தது. ஐக் அண்ட் டீனா டர்னரின் 'ரிவர் டீப் – மவுன்டன் ஹை' 1966இல் வந்தது. தொலைக்காட்சியில் 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' போன்ற தொடர்களின் இசையிலும், எண்ணற்ற திரைப்பட இசைக்கோவைகளிலும் அவர் கை உண்டு. நியூ ஆர்லின்ஸில் ஒரு நகரத்தின் தாளத்தைத் தந்தவர், இங்கே எந்த ஊரின் தாளத்தையும் கேட்ட நொடியில் தருபவரானார். பிற்காலத்தில் டாம் வெயிட்ஸ், எல்விஸ் காஸ்டெல்லோ போன்ற இளைய தலைமுறையினரும் அவரைத் தேடிவந்து வாசிக்கச் செய்தனர்.

அவருடைய தொழில்திறத்தை ஒரே காட்சியில் காணவேண்டுமானால் 1964 தொடக்கத்தில் நடந்த ஓர் அமர்வைச் சொல்லலாம். சாம் குக் தாமே எழுதிய 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' பாட்டைப் பாட ஹாலிவுட்டில் ஆர்சிஏ கூடத்துக்கு வந்திருந்தார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை உள்ளத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்தப் பாட்டுக்கு, ரெனே ஹால் வயலின்களும் கொம்புகளும் டிம்பனி என்னும் பெருமுழவும் கொண்ட பெரிய வாத்திய அமைப்பை எழுதியிருந்தார். குக்கின் வழக்கமான குழுவில் இருந்த டிரம் கலைஞர் அந்த ஏற்பாட்டின் பிரம்மாண்டத்தைக் கண்டு தயங்கி, கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியே வரவே மறுத்துவிட்டார். பக்கத்துக் கூடத்தில் வேறொரு வேலையில் இருந்த பாமரை அழைத்தனர். அவர் வந்து உட்கார்ந்து வாசித்தார். அந்தப் பாட்டில் டிரம் எங்கும் முன்னே வந்து நிற்பதில்லை. தந்திக் கருவிகளின் அலைக்கடியில் மெதுவான நடையைத் தாங்கிப்பிடிப்பதோடு நின்றுவிடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் குக் கொல்லப்பட்டபின் அந்தப் பாட்டு ஒரு மக்களியக்கத்தின் கீதமாயிற்று. அதில் டிரம் வாசித்தவர் பக்கத்து அறையிலிருந்து வந்தவர் என்பது, செஷன் கலைஞர் என்ற சொல்லுக்கு எழுதக்கூடிய மிகச் சிறந்த உரை.

1970களில் இந்த ஏற்பாடு தளரத் தொடங்கியது. குழுக்கள் தங்கள் டிரம் கலைஞர்களையே ஒலிப்பதிவிலும் வைத்துக்கொண்டன. 1980களில் டிரம் ஓசைகளை நினைவில் வைத்துத் தானே அடிக்கும் எந்திரங்கள் கூடங்களுக்குள் வந்தன. பாமர் ஓய்ந்துவிடவில்லை. 1982இல் லோக்கல் 47 சங்கத்தின் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1984இல் தோற்று, 1990இல் மீண்டும் வென்றார். வாழ்நாள் முழுதும் அமர்வுக்கணக்கில் ஊதியம் பெற்றவர், அத்தகையோரின் பணத்துக்குக் கணக்கு வைக்கும் இருக்கையில் அமர்ந்தது பொருத்தமானதே. தாளத்துக்குப் பட்டா கிடைக்காது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆனால் தாளக்காரரின் மூன்று மணி நேரத்துக்கு விலை உண்டு, அதைக் காப்பது சங்கத்தின் வேலை என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

பெயர் வெளிச்சத்துக்கு வர 2000ஆம் ஆண்டு ஆயிற்று. ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென்று தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. அதில் சேர்க்கப்பட்ட ஐவரில் பாமரும், லாஸ் ஏஞ்சல்ஸ் கூடங்களில் அவருக்கு இணையாக வாசித்த டிரம் கலைஞர் ஹால் பிளேனும் இருந்தனர். 'தி ஃபேட் மேன்' பதிவாகி அப்போது ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 2008 செப்டம்பர் 19 அன்று கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் பாமர் தம் 83ஆம் வயதில் காலமானார். போர்வீரர்களுக்கான ரிவர்சைடு தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். நியூ ஆர்லின்ஸில் அந்தத் தாளம் பிறந்த கட்டடம் பின்னாளில் துணி வெளுக்கும் எந்திரங்கள் வைத்த சலவைக்கடையாயிற்று. வாசல் தரையில் பதித்த ஜே அண்ட் எம் எழுத்துகள் மட்டும் தங்கிவிட்டன.

பாமரின் வாழ்க்கை காட்டும் முடிவு இதுவே: கலையில் புதுமை என்பது எப்போதும் தனித்திருந்து சிந்தித்தவரிடமிருந்து வருவதில்லை; பிறர் சொல்வதைப் பிறரைவிடக் கவனமாகக் கேட்டவரிடமிருந்தும் வருகிறது, அப்படி வருவதற்குச் சட்டத்தில் பெயர் இல்லாததால் அதற்குரிய மதிப்பு காலந்தாழ்ந்தே வந்து சேர்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க விரும்பும் வாசகர் நூல்களைத் தேடவேண்டியதில்லை. 'டூட்டி ஃப்ரூட்டி'யையும் 'லூசில்' பாட்டையும் அடுத்தடுத்து வைத்து, பாடகரை மறந்து டிரம்மை மட்டும் கேட்டால், ஊஞ்சல் ரயிலாக மாறுவதைத் தம் காதாலேயே அறிந்துகொள்ளலாம். இரண்டு பாட்டும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.